இரண்டும் ஒன்றாகத் தெரியும் இடம்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா என்னை முதல்முறையாக வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கரை ஒரு பச்சைக் கீற்றாகச் சுருங்கிய பிறகு துடுப்பை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். எங்கள் ஊர்க் கோயிலின் கோபுரம் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், வெகு தொலைவில், மேற்கு மலையின் ஒரு முகடு. "கோபுரமும் மலையும் ஒண்ணாட்டு தெரியுதா மக்கா?" என்று கேட்டார். இல்லை, கோபுரம் முகட்டை விட்டு விலகி நின்றது. இன்னும் கொஞ்சம் வலித்தார். கோபுரம் மெல்ல நகர்ந்து நகர்ந்து முகட்டுக்கு நேர் கீழே போய் நின்றது. "இப்பம்?" என்றார். "ஒண்ணாட்டு தெரியுது" என்றேன்.

இதற்குக் கணியம் என்று பெயர். கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். பிறகு வேறு திசையில் இன்னொரு ஜோடியைச் சேர்க்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், தண்ணீருக்கடியில், மீன் கூடும் பாறை இருக்கும். அதைப் பார் என்போம். "ரெண்டும் சேரலைன்னா நீ பாருக்க மேல இல்ல. பொறவு மீனு இல்லன்னு கடல ஏசப்பிடாது" என்பார் அப்பா.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, நாகர்கோவிலில் ஒரு செம்மண் மைதானத்தின் ஓரத்தில் கையில் கொடியோடு நின்ற அன்றுதான் அந்தக் காலை எனக்கு முழுதாக விளங்கியது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூரிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் பிறந்த பையனுக்குக் கடலும் கால்பந்தும் தனித்தனி அல்ல. மடி வலை காயும் மணலில்தான் ஆட்டம். கோயில் திருவிழா என்றால் டோர்னமெண்ட் உண்டு. சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் எங்கள் கரையில் பலர். நான் லெஃப்ட் பேக். இருபத்துமூன்று வயதில் முட்டி போய்விட்டது. கட்டுப் பிரித்த பிறகும் மாலையானால் கிரவுண்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஊரில் எல்லோரும் மதித்த ஒரு மூத்த நடுவர் ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரெஃப்ரி கோர்ஸுக்கு வாறியா? முட்டி தாங்குனா லைன்ல நில்லு. கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்றார். முட்டி தாங்கியது. கண்ணைப் பற்றி எனக்கிருந்த நம்பிக்கைதான் முதல் வாரத்திலேயே ஆடிப்போனது.

அவர் பயிற்சியை ஒரு விளையாட்டில் தொடங்கினார். மைதானத்தின் குறுக்கே மூன்று பையன்களை நிற்க வைத்தார். நடுவில் நிற்பவன் தடுப்பாட்டக்காரன். எனக்கு அருகே ஒருவன், எதிர் ஓரத்தில் ஒருவன், இருவரும் தாக்கும் அணி. மூவரையும் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நிறுத்திவிட்டு அந்தக் கோட்டை மண் போட்டு மூடினார். என்னைக் கோல் பக்கமாக இரண்டு எட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். "யாரு ஆஃப்சைடு?" சந்தேகமே இல்லை, எதிர் ஓரத்துப் பையன் முன்னால் நிற்கிறான், அருகில் இருப்பவன் பின்னால் நிற்கிறான் என்றேன். இப்போது பின்பக்கமாக இரண்டு எட்டு. எல்லாம் தலைகீழ்: அருகில் இருப்பவன் முன்னால், எதிர் ஓரத்தில் இருப்பவன் பின்னால். மூவரும் அசையவே இல்லை. கடைசியில் நேர்கோட்டுக்கு என்னைக் கூட்டிவந்தார். மூன்று தலைகளும் ஒன்றின் பின் ஒன்றாக மறைந்து ஒரே தலையானது. "கணியம்!" என்று என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவரும் கடற்கரைக்காரர்தான். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

டச்சு ஆய்வாளர்கள் சிலர் 2000-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையை நான் பின்னால்தான் படித்தேன். ஆஃப்சைடு பிழைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் கவனக்குறைவோ ஓரவஞ்சனையோ அல்ல, உதவி நடுவர் நிற்கும் இடம் கோட்டிலிருந்து சற்றே விலகியிருப்பதுதான் என்று அவர்கள் காட்டியிருந்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த சங்கதி. ஒரே வேறுபாடு, கோபுரமும் மலையும் ஓடுவதில்லை.

விதி சொல்வது எளிது. எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரையும் தாண்டி, கோல் கோட்டுக்கு அருகே தாக்கும் வீரரின் தலையோ உடலோ காலோ இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. கைகள் கணக்கில் இல்லை. சமமாக நின்றால் தவறில்லை. அதுவும் 1990-இல் வந்த மாற்றம்தான், அதற்கு முன் சமமாக நின்றாலும் ஆஃப்சைடு. 1925 வரை கோலுக்கும் வீரருக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அது இருவரானது. இந்தக் கடைசிக்கு முந்தைய ஆள் ஓரிடத்தில் நிற்பவரல்ல. அவர் முன்னேறினால் நாமும் முன்னேற வேண்டும், பின்வாங்கினால் பின்வாங்க வேண்டும். தொண்ணூறு நிமிடமும் இன்னொருவரின் நிழலைப் போல ஓடுவதுதான் வேலை. அதனால் நாங்கள் பக்கவாட்டில் கால் மாற்றி நகரப் பழகுகிறோம், நண்டைப் போல. மார்பு எப்போதும் மைதானத்தைப் பார்த்திருக்க வேண்டும். உடம்பைத் திருப்பிக்கொண்டு நேராக ஓடத் தொடங்கிய கணமே கோடு கண்ணை விட்டுப் போய்விடும்.

பந்தைப் பார்க்கக் கூடாது என்பதுதான் பழகக் கடினமானது. சிறுவயதிலிருந்து பந்தையே பார்த்து வளர்ந்த கண். பாஸ் கொடுப்பவரின் கால் பந்தில் படும் அந்தக் கணத்தில் முன்கள வீரர் எங்கே இருந்தார் என்பதே கேள்வி. காலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவதற்குள் எல்லாம் மாறியிருக்கும். முன்கள வீரர் கோலை நோக்கி விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறார், தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் அதே வேகத்தில் ஏறி வருகிறார் என்று வையுங்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் இருவருக்கும் இடையே 1.2 மீட்டர் உண்டாகிவிடும். ஆகவே கண்ணைக் கோட்டில் வைத்துவிட்டு உதையைக் காதால் கேட்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்தச் சத்தமும் 40 மீட்டர் கடந்து வர விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் எடுத்துக்கொள்கிறது. கூட்டம் ஆர்ப்பரித்தால் அதுவும் கேட்காது. அப்போது ஓரக்கண்ணில் பாஸ் கொடுப்பவரின் தோள் அசைவு மட்டும்தான் துணை.

என் முதல் கொடியை அம்மா தைத்தாள். சிவப்புப் பாப்ளின் துணி, மஞ்சள் விளிம்பு, பிடிக்கு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வெட்டிய பிளாஸ்டிக் குழாய். முதல் ஆட்டத்தில் வியர்வையில் குழாய் வழுக்கி, கொடி தூக்கும்போது கையில் சுழன்று துணி பிடியைச் சுற்றிக்கொண்டது. நடுவருக்குத் தெரிந்தது ஒரு குச்சி மட்டும்தான். பிறகு பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். கொடியைச் சுருட்டி வைக்கக் கூடாது, அசைத்துக்கொண்டும் ஓடக் கூடாது; நடுவருக்குத் தெரியும் கையில், விரிந்தபடி, கீழ்நோக்கி. தூக்கும்போது வளையாத கை. தூக்கியதும் ஓட்டம் நிற்க வேண்டும். விசில் வந்ததும் ஆஃப்சைடு எதிர் ஓரத்தில் என்றால் கொடி சாய்வாக மேலே, நடுவில் என்றால் கிடையாக, நம் பக்கம் என்றால் சாய்வாகக் கீழே. இரவில் வீட்டுக் கண்ணாடி முன் நின்று இதைப் பழகியிருக்கிறேன். இந்த மூன்று கோணங்களைத் தவிர எங்களுக்கு மைதானத்தில் பெரிதாகப் பேச்சில்லை.

பேச்சில்லை என்பதுதான் இந்த வேலையின் குணம் என்று இப்போது நினைக்கிறேன். கால்பந்தின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு அணியும் தனக்கென ஓர் அம்பயரைக் கூட்டிவந்தது. அவர்கள் ஒத்துப்போகாதபோது வெளியே நிற்கும் நடுவரிடம் முறையிடுவார்கள். 1891-இல் நடுவர் உள்ளே வந்தார், அம்பயர்கள் கோட்டுக்கு வெளியே போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். தீர்ப்பு அவரிடம் போனது. இவர்களிடம் எஞ்சியது சாட்சி. 1996-இல் பெயரை உதவி நடுவர் என்று மாற்றினார்கள். கொடி தூக்கினாலும் தூக்காவிட்டாலும் முடிவு நடுவருடையது. சாட்சியின் கடமை மூன்று: சரியான இடத்தில் நிற்பது, பார்ப்பது, பார்த்ததை மட்டும் சொல்வது. நான் இந்தத் துறையில் வளர்ந்தேன் என்று ஏதாவது உண்டென்றால், முதல் இரண்டில் தொடங்கி மூன்றாவதற்கு வந்து சேர்ந்ததுதான். அது நீண்ட தூரம்.

வெளியே தெரியும் ஏணி வேறு. எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, மாவட்ட லீக், பிறகு மாநிலம், பிறகு தேசியப் பட்டியல், மிகச் சிலருக்கு ஃபிஃபா பேட்ஜ். சர்வதேசப் பட்டியலில் சேர நடுவருக்குக் குறைந்தது 25 வயது, உதவி நடுவருக்கு 23. எங்களுக்கென்றே ஓர் ஓட்டத் தேர்வு உண்டு: 10 மீட்டர் நேராக, 8 மீட்டர் பக்கவாட்டில், அதே 8 மீட்டர் பக்கவாட்டில் திரும்பி, மறுபடி 10 மீட்டர் நேராக, சர்வதேச ஆண்களுக்கு இது 10 விநாடியில் முடிய வேண்டும். 30 மீட்டர் ஓட்டம் ஐந்து தடவை. அதன்பின் 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி 25 மீட்டர் நடப்பது, இப்படி 40 தடவை, மொத்தம் 4 கிலோமீட்டர். முப்பதாவது தடவைக்குப் பிறகு காலைவிட மனசுதான் ஓடும். எங்கள் கடற்கரையில் விடியற்காலை நான் இதை ஓடும்போது வலை இழுப்பவர்கள் எண்ணிக்கை சொல்லி உற்சாகப்படுத்துவார்கள்.

மாநில அளவோடு நான் நின்றேன். மேலே போனவர்களை நினைக்கும்போது நெஞ்சு நிறையும். இந்திய ஆண்கள் அணி இன்றுவரை உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றில் ஆடியதில்லை. ஆனால் 2002-இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் உதவி நடுவராகக் கொடி பிடித்தார். அதே போட்டியில் சிங்கப்பூரிலிருந்து விஸ்வா கிருஷ்ணனும் இருந்தார். கொடிப் பணிக்கென்றே தேர்ந்தவர்களைத் தனியாக அழைக்கும் வழக்கம் 1994 உலகக் கோப்பையில்தான் வந்தது. அந்தக் கதவு திறந்து எட்டே ஆண்டுகளில் நம் ஆள் ஒருவர் உள்ளே போயிருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பாடப் புத்தகத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கோர்ஸில் சார் சொன்ன ஒரு சொல்லை நான் பல வருடம் வெறும் உத்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன். "தூக்குன கொடிய இறக்க முடியாது. தூக்காத கொடிய எப்பம் வேணும்னாலும் தூக்கலாம்." ஆஃப்சைடு நிலையில் இருப்பதே குற்றமல்ல; அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். பந்து அவரிடம் போகிறதா, பின்னாலிருந்து ஓடிவரும் இன்னொருவரிடம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தூக்கு என்பது அதன் பொருள். அந்த ஒன்றிரண்டு விநாடியில் காலரி முழுவதும் கத்தும். லைன்மேன் தூங்குறானா என்பார்கள். கையைத் தாழ்வாகவே வைத்திருப்பதற்குத் தூக்குவதைவிட அதிக தைரியம் வேண்டியிருக்கிறது.

அந்தத் தைரியம் எனக்கு ஒருநாள் இல்லாமல் போனது. பெயர் வேண்டாம்; ஒரு மாநில அளவிலான இளையோர் போட்டி, அரையிறுதி. கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகிறது. நடுக்களத்திலிருந்து நீளமாக ஒரு பந்து, எதிர் ஓரத்தில் ஒல்லியான ஒரு பையன் வெட்டி உள்ளே ஓடினான். தடுப்பாட்டக்காரன் அதற்கு முந்தைய நொடியில் ஏறி வந்துவிட்டான். நான் அவனோடு ஏறவில்லை, கோல் பக்கமே நின்றுவிட்டேன். பையன் தெளிவாக முன்னால் தெரிந்தான். கை மேலே போய்விட்டது. விசில். பந்து வலைக்குள் கிடந்தது. அந்தப் பையனின் அணி பெனால்டியில் தோற்றது.

ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் வந்தான். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டான்: "அண்ணே, ஆஃப்சைடு தானா?"

"தெளிவா ஆஃப்சைடு தம்பி" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். என்னை அவன் நம்பினான். கூட்டம் கலைந்த பிறகு நான் தனியாகக் கோட்டோரம் நடந்தேன். செம்மண்ணில் எல்லாம் பதிந்திருந்தது. தடுப்பாட்டக்காரன் ஏறிவந்து குதிகாலைக் குத்தி நின்ற இடத்தில் ஒரு நீளக் கீறல். கொடி தூக்கியபோது நான் ஊன்றி நின்ற பூட்ஸ் தடம், ஸ்டட் புள்ளிகளோடு, அச்சு வார்த்ததுபோல. இரண்டுக்கும் நடுவே ஒரு முழு எட்டுக்கும் மேல் இருந்தது. கோல் பக்கம் தள்ளி நின்றால் எதிர் ஓரத்துப் பையன் முன்னால் தெரிவான் என்பது எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். அவன் ஆஃப்சைடாகவும் இருந்திருக்கலாம். அது எனக்கு இன்றும் தெரியாது. நான் பார் மேல் இல்லை, அவ்வளவுதான். கொடி தவறியதுகூட ஆறிவிட்டது. 'தெளிவா' என்ற அந்த ஒரு சொல் ஆறவில்லை.

அதன்பிறகு 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பார்வை கோலுக்குப் போவதில்லை, மீசை வைத்த அந்த மனிதரிடம்தான் போகிறது. வெம்ப்லி, ஜூலை 30. இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கத்தில் பட்டுக் கீழே குத்தி வெளியே வந்தது. சுவிஸ் நடுவர் டீன்ஸ்ட் ஓரத்துக்கு நடந்துபோய் அசர்பைஜானின் தோஃபிக் பஹ்ராமோவிடம் கேட்டார். பஹ்ராமோவ் தலையசைத்தார், கோல் என்று கை காட்டினார். பந்து முழுவதும் கோட்டைத் தாண்டியதா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. பாக்கூவில் அவர் பெயரில் ஒரு ஸ்டேடியம் இருக்கிறது, சிலை இருக்கிறது. அன்று தோற்ற ஜெர்மனியில் அவர் பெயர் வேறு மாதிரி நினைக்கப்படுகிறது. அவர் கண்டாரா, கண்டதாக நம்பினாரா என்பது அவருக்கு மட்டுமே தெரிந்தது.

2010-இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பையில் நடந்ததுதான் எனக்கு இன்னும் நெருக்கமானது. ஜூன் 27. ஒரே நாளில் இரண்டு. ப்ளூம்ஃபாண்டெயினில் இங்கிலாந்தின் லாம்பார்ட் தூரத்திலிருந்து அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாகவே உள்ளே விழுந்து வெளியே வந்தது, கோல் தரப்படவில்லை. உலகமே ஏசியது. ஆனால் பந்து அடிக்கப்பட்ட கணத்தில் உதவி நடுவர் தடுப்பாட்டக்காரர்களின் கோட்டில் இருந்தாக வேண்டும். பந்து விழும்போது கோல் கோட்டில் இருந்தாக வேண்டும். அத்தனை வேகமான பந்தோடு போட்டிபோட்டு எந்த மனிதரும் ஓட முடியாது. கோல் கோட்டுத் தொழில்நுட்பம் 2012-இல் ஏற்கப்பட்டபோது எங்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அன்றைய இரண்டாவது ஆட்டத்தில், ஜோகனஸ்பர்க்கில், மெக்ஸிகோவுக்கு எதிராக ஆஃப்சைடில் நின்ற அர்ஜென்டினாவின் தேவேஸ் தலையால் அடித்தது கோலானது. ஸ்டேடியத்தின் பெரிய திரையிலேயே மறுபடி ஓடியது. மெக்ஸிகோ வீரர்கள் திரையைக் காட்டிக் கத்தினார்கள். நடுவரும் இத்தாலிய உதவி நடுவரும் பேசிக்கொண்டார்கள். திரையைப் பார்த்து முடிவை மாற்ற அன்றைய விதியில் இடமில்லை. கோல் நின்றது. தவறு கண்ணெதிரே பெரிதாக எழுதப்பட்ட பிறகும் கொடியோடு மீதி ஆட்டம் முழுவதும் ஓடிய அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்று அந்த நிலை இல்லை. கத்தாரில் 2022-இல் கூரையடியில் 12 காமெராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 தடவை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த கருவி விநாடிக்கு 500 தடவை செய்தி அனுப்பியது. கணியத்தை இயந்திரம் பார்க்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தச் செம்மண் மைதானத்தில் அது இருந்திருந்தால் ஒரு பையனுக்கு நியாயம் கிடைத்திருக்கும். ஆனால் இந்த நாட்டில் ஆடப்படும் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை காமெராவே இல்லாத மைதானங்களில்தான் நடக்கின்றன. அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு ஜோடிக் கண் தேவைப்படுகிறது, நாளையும் தேவைப்படும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கற்றுக்கொடுக்கிறேன். இந்த வருடம் ஏழு பேர், அதில் மூன்று பெண் பிள்ளைகள். கோவாவின் உவேனா ஃபெர்னாண்டஸ் 2016-இல் ஜோர்டானில் நடந்த மகளிர் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொடி பிடித்ததை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 2022 டிசம்பர் 1 அன்று கோஸ்டா ரிகா–ஜெர்மனி ஆட்டத்தை ஸ்டெஃபனி ஃப்ராப்பார், நியூசா பாக், கரேன் தியாஸ் மெதினா என்று மூன்று பெண்கள் நடத்தியதை, ஆண்கள் உலகக் கோப்பையில் அது முதல்முறை என்பதை, அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

போன வாரம் பயிற்சி ஆட்டம். மூவரில் சின்னவள் லைனில் நின்றாள். எதிர் ஓரத்தில் ஒரு பையன் வெட்டி ஓடினான், பந்து போனது, கோல். அவள் கொடி தாழ்ந்தே இருந்தது. தடுப்பாட்டக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடினார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு நானும் போனேன்.

"ஆஃப்சைடு மாதிரிதானே இருந்தது, ஏன் தூக்கல?" என்று கேட்டேன்.

மூச்சு வாங்கிக்கொண்டே, கீழே பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது சார். ஆனா நான் லைன்ல இல்ல. ஒரு எட்டு முன்னாடி நின்னேன்."

கொடியை அவளே தரையில் வைத்துவிட்டு, தன் பூட்ஸ் தடம் எங்கே என்று மண்ணில் தேடத் தொடங்கினாள். நானும் குனிந்து தேடினேன்.